தொங்கும்போது இறுக்கியது

உங்களுக்குக் கார் பைத்தியம் இருந்தா, ஒருமுறை குனிஞ்சு வண்டியோட பின்பக்கத்தைப் பாருங்க. சக்கரத்தையும் பாடியையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கைதான் கன்ட்ரோல் ஆர்ம். அதன் முனையில் எலுமிச்சை அளவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அதுக்காகத்தான் எங்க கிளப்பில் இரண்டு வாரம் சண்டை.

கிளப்பிடம் ஒரு பழைய செடான் இருக்கு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டணும்னு ஆசை. ஆனா வளைவில் வேகமாத் திருப்பினா பின்பக்கம் அலைபாயும். பழைய ரப்பர் அமுங்கி, பின்சக்கரங்களின் டோ கோணம் ஓட ஓட மாறிக்கிட்டே இருந்தது.

சீனியர் ஸ்பெரிக்கல் பேரிங் போடலாம்னார். அதில் ஆட்டமே இருக்காது, உண்மைதான். ஆனா தூசி புகுந்தா சீக்கிரம் தேயும், ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தெரியும். அதே வண்டியில்தான் நாங்க டிபன் சாப்பிடவும் போறோம்!

நான் பாலியூரித்தேன் கட்சி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கு, கேளுங்க. ரப்பர் புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும். ஆர்ம் ஆடும்போது ரப்பரே முறுகிக் கொடுக்கும். பாலியூரித்தேன் அப்படி முறுகாது, உள்குழாய் மேல் வழுக்கும். கிரீஸ் காய்ந்தா கீச் கீச்தான். ஒரே அச்சில் ஆடும் ஆர்முக்குச் சரி. பல பக்கமும் அசையும் டிரெய்லிங் ஆர்மில் போட்டா இறுகிப் பிடிச்சுக்கும். அதனால் குறுக்கு ஆர்ம்களுக்குப் பாலியூரித்தேன், டிரெய்லிங் ஆர்முக்குப் புது ரப்பர்னு முடிவாச்சு.

இரண்டாம் வருஷத் தம்பி ஒருத்தன் கடை கடையா ஏறி ரப்பர் வாங்கி வந்தான். ஜாக் ஸ்டாண்டில் வண்டி, சக்கரம் தொங்குது. போல்ட் எல்லாத்தையும் நான்தான் இறுக்கினேன். டார்க் ரென்ச் 'கிளிக்'னு சொன்னப்போ அவ்வளவு பெருமை.

இரண்டே மாசத்தில் ரப்பர் கிழிஞ்சது. "மட்டமான சரக்கு வாங்கிட்டான்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். தம்பி மெஸ் காசைப் போட்டு இரண்டாவது செட் வாங்கினான்.

அன்று ராத்திரிதான் சர்வீஸ் மேனுவலைப் பிரிச்சேன். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கின பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கணுமாம். தொங்கும்போது இறுக்கினா, வண்டியைத் தரையில் இறக்கின நொடியிலிருந்தே ரப்பர் முறுகின நிலையிலேயே கிடக்கும்.

புது செட்டை ரேம்ப் மேல் ஏற்றி இறுக்கினேன். ஏன்னு யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. மூணு மாசம் கழிச்சு, போன வாரம்தான் தம்பியிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "மெஸ் காசைக் குடுங்கண்ணா" என்றான்.

குடுத்துட்டேன். இப்போ போல்ட் இறுக்குறது அவன்தான். நான் ரென்ச் எடுத்துக் கொடுக்கிறேன்.