சுவரில்லாத வீட்டில்

பசிபிக் மாகடலின் நடுவே, நியூசிலாந்துக்கு வடகிழக்கில் உள்ளது சமோவா. 1962இல் விடுதலை பெற்ற நாடு. மக்கள்தொகை இரண்டு இலட்சத்தைச் சற்றே தாண்டும். தலைநகர் ஆப்பியா அமைந்த தீவு உப்போலு. அதனினும் பெரியது சவாயி. சவாயியின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஓராண்டு ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டுக்கென நாங்கள் இருவர் சென்றிருந்தோம். உப்போலுவிலிருந்து கப்பலேறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைகளில் ஆடி, சலெலொலோஙாத் துறையில் இறங்கினோம். இது அச்சுப் பிழையன்று. நம் நெடுங்கணக்கில் ஏறக்குறைய வேலையற்று அமர்ந்திருக்கும் 'ங' அவர்கள் மொழியில் சொல்லுக்கு முதலிலும் வரும். வேலை என்பதற்கே அவர்கள் சொல் 'ஙலுவே'!

எங்களை ஏற்றுக்கொண்ட இல்லத்தில் தாய், தந்தை, பாட்டி, ஆறு பிள்ளைகள். வீட்டுக்குச் சுவர் இல்லை. வட்டமாக நட்ட தூண்களின்மேல் உயர்ந்த கூரை. அதனை 'ஃபலே' என்பர். மழை சாய்ந்தடித்தால் தென்னோலைத் தட்டிகளை இறக்கிவிடுவார்கள். உடை மாற்றுவதெப்படி என்பதே எங்கள் முதற் கவலையாயிற்று. வாசலிலே தாத்தாவின் கல்லறை; அதன்மீது அமர்ந்துதான் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.

அந்தி சாயும் வேளையில் சங்கு ஒலிக்கும். உடனே ஊர் அடங்கிவிடும். வீதியில் நடப்பது மரியாதையன்று. குடும்பங்கள் தத்தம் கூரையின்கீழ் அமர்ந்து செபிக்கும் நேரம் அது. சமோவாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர். மரிய சபைக் குருக்கள் 1845இல் சவாயியில் வந்திறங்கிய நாள் முதலாக வளர்ந்த திருச்சபை அது. 1973இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் கர்தினாலாக உயர்த்திய பீயோ தவ்ஃபினுவு இத்தீவின் மைந்தரே. எங்கள் இல்லத்தில் பாட்டி செபமாலையைத் தொடங்க, ஆறு வயதுச் சிறுவன் முதல் அனைவரும் குரலுக்குக் குரல் இசைந்து பாடுவர். மொழி தெரியாவிடினும் எந்த மறையுண்மை செபிக்கப்படுகிறதென்று எண்ணிக்கையால் அறிந்துகொண்டோம்.

செபம் முடிந்ததும் உணவு. இங்கேதான் நாங்கள் தவறினோம்.

ஓலையால் முடைந்த தட்டில் சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும், தகர டப்பியில் வரும் மீனோ மாட்டிறைச்சியோ வைத்து எங்களுக்கும் தந்தைக்கும் முதலில் படைப்பார்கள். (அவ்விறைச்சிக்குப் 'பீசுப்போ' என்று பெயர். முதன்முதல் டப்பியில் வந்திறங்கிய ஆங்கிலேயரின் பட்டாணி சூப்பின் பெயர் எப்படியோ மாட்டின்மேல் ஏறிவிட்டது.) மூத்த பெண் அருகிலமர்ந்து ஈ ஓட்டுவாள். உணவை வீணாக்குவது பாவமென்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தட்டைத் துடைத்தாற்போல் உண்டோம். உடனே இன்னும் கொணர்ந்தார்கள். அதையும் உண்டோம்.

மூன்றாம் வாரம் ஓரிரவு, குடிதண்ணீர் தேடி அடுக்களைப் பக்கம் சென்றோம். பிள்ளைகள் அறுவரும் வேகவைத்த பச்சை வாழைக்காயைப் பங்கிட்டு, வெறும் டப்பியின் உட்புறத்தில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தனர். எங்கள் தட்டில் எஞ்சுவதே அவர்களுடைய இரவுணவு என்பதும், இருபது நாள்களாக அதில் ஒன்றும் எஞ்சவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கின. அன்றிரவு உறங்கவில்லை.

மறுநாள் பங்கின் உபதேசியாரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். வழித்த தட்டு, 'விருந்தினருக்கு வயிறு நிறையவில்லை' என்று வீட்டாரைக் குறை கூறுமாம்! அன்று மாலை மீனைத் தொடாமல், கிழங்கில் ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டோம். தாய் திகைத்துப்போனார். நோயென்று எண்ணி, வைத்தியம் அறிந்த அண்டை வீட்டு மூதாட்டியை அழைத்துவர, அவர் எங்கள் வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவி அரைமணி நேரம் பிசைந்தெடுத்தார். எவ்வளவு உண்டால் தாய்க்கு முகம் வாடாது, எவ்வளவு விட்டால் பிள்ளைகளுக்கு எட்டும் என்ற கணக்குப் பிடிபட மேலும் ஒரு மாதமாயிற்று. வகுப்பில் நாங்கள் கற்பித்த எக்கணக்கும் இத்துணைக் கடினமன்று.

வேலை கேட்டோம், தரவில்லை. துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் விடியுமுன் இளைஞர் கற்களைத் தீயிலிட்டுக் காய்ச்சி, அவற்றின்மேல் கிழங்கும் சீமைப்பலாவும் அடுக்கி, இலைகளால் மூடிச் சமைப்பார்கள். அப்படியொரு விடியலில், தேங்காய் துருவும் பலகை ஆளின்றிக் கிடந்தது. கேளாமலே அமர்ந்து துருவத் தொடங்கினோம். அதை எவரும் எங்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பையன்கள் வாய்பிளந்து நின்றனர். பாட்டி வந்து துருவலைக் கையில் அள்ளிப் பார்த்தார். மறுப்பேதும் சொல்லாமல் இன்னும் நான்கு தேங்காய்களை உருட்டிவிட்டுப் போனார்.

நான்காம் மாதத்தில் உப்போலுவிலிருந்து உறவினர் சிலர் வந்தார்கள். செபம் முடிந்தது. நாங்கள் வழக்கமான இடத்தில் சம்மணமிட்டு அமர்ந்தோம். தட்டுகள் எங்களைக் கடந்து புதியவர்கள்முன் சென்றன. தாய் எங்களைப் பார்த்தார். பிறகு, இயல்பாக, தென்னோலை விசிறியை எங்கள் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டு ஈ ஓட்டலானோம். பிள்ளைகள் எங்கள் பின்னே நெருங்கியமர்ந்து, விருந்தினர் எவ்வளவு மீனை விட்டுவைக்கிறார்கள் என்று எங்களோடு சேர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள்.