பங்குக்கு வந்த புட்டிகள்

தந்தை விட்டுச் சென்றது நிலமாயின் அளந்து பிரிப்பர். நகையாயின் நிறுத்துப் பிரிப்பர். கடனாயின், பிரித்துக்கொள்ள எவரும் முன்வரார். விஸ்கியாயின்?

வேடிக்கையான கேள்வி என்று நகைப்போர் இருக்கலாம். தாம்பரத்தையும் சேலையூரையும் சுற்றி வாழ்வோர் நகைக்கமாட்டார்கள். விமானப்படைத் தளம் அமைந்த ஊர் இது. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரேனும் இல்லாத தெரு இப்பக்கத்தில் அரிது. அவர்களுக்குக் கேண்டீனில் மாதந்தோறும் மது ஒதுக்கீடு உண்டு. குடிப்பவரும் வாங்குவார், குடியாதவரும் வாங்குவார். குடியாதவர் வாங்கியது அலமாரியில் சேரும். ஒருநாள் அவர் மறைவார், அலமாரி மறையாது.

என் தாயாரின் தந்தை விமானப்படையில் இயந்திரப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 1994இல் மருத்துவர் கல்லீரலின் நிலையைச் சொல்லி எச்சரித்தார். அன்றே குடியை விட்டார். பிறகு ஒரு துளியும் தொட்டதில்லை. ஆனால் ஒதுக்கீட்டை மட்டும் விடவில்லை! "அது எனக்கு அரசாங்கம் கொடுத்த உரிமை" என்பார். உரிமையை என்ன செய்தார்? ஊருக்கு வழங்கினார். கிணற்றில் மோட்டார் பழுதா? ஒரு புட்டி. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு கையொப்பம் ஆறு மாதமாக நகரவில்லையா? இரண்டு புட்டி. ரூபாயை நீட்டினால் இலஞ்சம் என்று முகம் சுளிப்பவர், "பாதுகாப்புப் படையினருக்கு மட்டும்" என்று அச்சிட்ட புட்டியை நீட்டினால் "பட்டாளத்துச் சரக்கா ஐயா!" என்று முகம் மலர்வார். 2020இல் நோய்த்தொற்றின்போது மார்ச்சு இறுதியில் மூடிய மதுக்கடைகள் சென்னைப் பகுதியில் ஆகஸ்டு 18 வரை திறக்கப்படவில்லை. அந்த மாதங்களில் எங்கள் வாயிலில் நின்று, இரண்டு மடங்கு தருகிறேன், மூன்று மடங்கு தருகிறேன் என்று கெஞ்சியவர்கள் உண்டு. தாத்தா கொடுக்கவில்லை. "கைமாறு வேறே, வியாபாரம் வேறே" என்றார். அந்த நுண்ணிய வேறுபாடு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் மறைந்தபோது அலமாரியில் இருந்தவை பன்னிரண்டு. ஒவ்வொன்றும் 750 மில்லி. பதினொன்று உள்நாட்டுச் சரக்கு. ஒன்று மட்டும் சீமையிலிருந்து வந்த ஸ்காட்ச்.

சிக்கல் பதினாறாம் நாள் படையலிலேயே தொடங்கிவிட்டது. படத்துக்கு மாலையிட்டு, இலை விரித்து, வடையும் பாயசமும் வைத்தாயிற்று. பங்காளி முறையில் பெரியவர் ஒருவர் எழுந்தார். "அவருக்குப் பிடிச்சதை வைக்காம படையல் என்ன படையல்?" என்றார். ஒரு புட்டி வந்தது. இலையின் தலைமாட்டில் அமர்ந்தது. வெற்றிலை பாக்கும் சுருட்டும் அதற்குத் துணை! மருத்துவர் தடுத்து, மனிதர் நிறுத்தி, முப்பது ஆண்டுகள் கட்டிக் காத்த ஓர் உறுதியை அவர் படத்தின் முன்னாலேயே கலைக்கிறார்கள். அதற்குப் பெயர் மரியாதை. இறந்தவர் குடிக்கப்போவதில்லை என்பது வைத்தவர்களுக்கும் தெரியும். சூடம் அணைந்ததும் அதைத் திறக்கப்போகும் கைகள் எவை என்பதும் தெரியும். செத்தவர் பெயரைச் சொல்லி இருப்பவர் குடிக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.

கைம்பெண் என்று உள்ளறையில் உட்கார வைக்கப்பட்டிருந்த என் பாட்டி வெளியே வந்தார். எவரையும் பார்க்கவில்லை. புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அவர் விட்டதை நீங்க ஏன் ஊட்டறீங்க?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போய்விட்டார். 1994க்கு முந்திய இரவுகளைப் பற்றிப் பாட்டி எங்களிடம் பேசியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் அத்தனையும் இருந்தது.

பெரியவர் விட்டாரா? மாலையில் என்னிடம் வந்தார். நான் தமிழாசிரியை அல்லவா! "நடுகல்லுக்குக் கள் படைச்சது நம்ம பழந்தமிழர் வழக்கம்தானே, டீச்சரம்மா?" என்றார். உண்மை, மறுக்கவில்லை. புறநானூற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. அதியமானின் மறைவுக்கு இரங்கிய ஔவை, அவன் கள்ளைப் பகிர்ந்துகொடுத்த பண்பையும் நினைத்துத்தான் அழுதார். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே, தொண்ணூற்று மூன்றாவதை, ஒதுக்கினார் என்பதும் உண்மையே. இரண்டும் நம் பழமைதான். எந்தப் பழமை நமக்கு வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்; கல்லில் நிற்கும் வீரர்களோ படத்தில் இருக்கும் தாத்தாவோ அல்லர். இதைச் சொன்னபோது பெரியவர், "படிச்சவங்க பேச்சு" என்று எழுந்து போனார்.

அடுத்து வந்தது பாகப்பிரிவினை. பெரிய மாமா கணக்கில் வல்லவர். ஸ்காட்ச் புட்டியின் முகப்பில் 12 ஆண்டு என்று அச்சிட்டிருந்தது. அது அலமாரிக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு. "பன்னிரண்டும் இருபத்தஞ்சும் முப்பத்தேழு! முப்பத்தேழு வருஷத்துச் சரக்கு! இலட்சக்கணக்கில் போகும்" என்றார். சான்றும் வைத்திருந்தார்: 2023 நவம்பரில் இலண்டனில் சதபீஸ் ஏல நிறுவனத்தில் மெக்காலன் என்ற விஸ்கியின் ஒரே புட்டி 21 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

செய்தி மெய்தான். ஆனால் அந்த மெக்காலன் 1926இல் வடிக்கப்பட்டு, 1986 வரை அறுபது ஆண்டுகள் பீப்பாயில் கிடந்தது. விஸ்கிக்கு வயது ஏறுவது மரப் பீப்பாயில்தான். மரம் தன் நிறத்தையும் மணத்தையும் கொடுக்கும். கரடான சில பொருள்களை ஈர்த்துக்கொள்ளும். நுண்துளைகள் வழியே காற்று உள்ளே வர, ஸ்காட்லாந்தின் குளிரிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகி வெளியேறும். கண்ணாடிக்குள் இவை எதுவும் நடவா. புட்டியில் அடைத்த நாளில் பன்னிரண்டு என்றால் நூறாண்டு கழித்தும் பன்னிரண்டே! மூடி தளர்ந்திருந்தால் மணம் போகும், அளவு குறையும். மதிப்புக் குறையுமே ஒழிய முதிர்ச்சி கூடாது. அலமாரியில் சும்மா கிடந்ததற்காக எதுவும் சிறந்துவிடுவதில்லை என்று மாமாவிடம் சொன்னேன். நான் வேறெதையோ சொல்கிறேன் என்று அவர் ஐயுற்றார். அந்த ஐயம் முற்றிலும் தவறன்று.

மற்றப் பதினொன்றின் கதை இன்னும் எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி விஸ்கி தானியத்திலிருந்து வடிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டேனும் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரோடு மலிவாக விற்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராவியில் நிறமும் மணமும் சேர்த்தவை. சாராயத்துக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிய கோலம். எங்கள் அலமாரியில் ஒன்று சோலன் விஸ்கி. அந்தத் தொழிலின் மூலத்தைத் தேடிப்போனால் 1855இல் கசௌலியில் வடிசாலை வைத்த எட்வர்டு டயரிடம் போய்ச் சேரலாம். அவர் மகன்தான் 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச்சொன்ன டயர். இதைக் கேட்டதும் பெரிய மாமா அந்தப் புட்டியைச் சற்றுத் தள்ளி வைத்தார்; விலைப்பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவில்லை.

விற்கலாமா? கூடாது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்துக்கே உரியது. உரிமமின்றி ஒரு புட்டி விற்றாலும் குற்றம். எந்தச் சட்டப்படி? 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி! மதுவை விலக்க வந்த சட்டம், விற்கும் உரிமையைக் காக்கும் வேலியாகி நிற்கிறது. 1937இல் இராசகோபாலாச்சாரியார் சேலத்தில் தொடங்கினார்; 1948இல் ஓமந்தூரார் மாகாணம் முழுவதற்கும் விரித்தார். சுவருக்கு வெளியே கள் குடித்த கூலியாளைச் சிறைக்கு அனுப்பிய நாளிலும் படை முகாமின் சுவருக்கு உள்ளே விஸ்கிக்கு விலக்கு இருந்தது. கள்ளை எதிர்த்து 1921இல் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் சட்டத்தின் தடியால் குடியை ஒழிக்கும் முறையைக் கடிந்தார். அண்ணா முதல்வராக இருந்தவரை மதுவிலக்கைக் கைவிடவில்லை. 1971இல் கலைஞர் ஆட்சி அதைத் தளர்த்தியது, 1974இல் மீண்டும் கொணர்ந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி தளர்த்தியது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2023-24இல் அதன் வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் இயக்கத்தவர் இந்த வரலாற்றை வேகமாகத் தாண்டிச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். நான் சம்பளம் வாங்கும் கருவூலத்துக்குள்ளும் அந்தப் பணம் வருகிறது. தாண்டிச் செல்ல எனக்குக் கால் எழவில்லை.

விற்க இயலாது என்றதும் பெரிய மாமா வேறு கணக்குப் போட்டார். "சரி, நான் ஆறு, தம்பி ஆறு." அதிலும் சட்டம் பார்த்திருந்தார். ஒருவர் சொந்தப் பயனுக்கு வைத்துக்கொள்ளக்கூடியது 4.5 லிட்டர், ஆறு புட்டி சரியாக நாலரை லிட்டர்!

இங்கேதான் செய்தி விளையாட்டாக இல்லாமற் போயிற்று. சின்ன மாமா குடியை விட்டு அப்போது எட்டு மாதம். மறுவாழ்வு மையத்தில் முப்பது நாள், பிறகு மாத்திரை, பிறகு வாரந்தோறும் கூட்டம், பிறகு மாலை ஆறு மணி ஆனால் வீட்டைவிட்டு வெளியே போகாமை. குரோம்பேட்டைக்குப் போகக்கூட, கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறவர் அவர். அவருக்குப் பங்கு ஆறு புட்டி! அண்ணனுக்குத் தீய எண்ணம் கிடையாது. தம்பியின் பங்கைக் குறைத்தால் பழி வருமே என்ற நேர்மைதான். இந்த நேர்மையைவிட அநீதி மேலாக இருந்திருக்கும்.

அப்போது என் அம்மா வாய் திறந்தார். "பங்கு ரெண்டு இல்லே அண்ணா, நாலு" என்றார்.

கூடம் அமைதியாயிற்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தன் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகன்களோடு ஒத்த பங்கு உண்டு. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு முழங்கியது எங்கோ தொலைவில் அன்று. இதோ, தாம்பரத்தில் இரயில் ஏறினால் சென்று சேரும் செங்கற்பட்டில், 1929இல். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். இவ்வளவும் இருந்தும் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் "என் பங்கு" என்று சொன்னது அன்றுதான். அதுவும் எதற்கு? வாழ்நாளில் மோந்தும் பாராத விஸ்கிக்கு! தம்பியின் கையில் ஆறு விழாமல் தடுக்க அவருக்குக் கிடைத்த கருவி அந்தச் சட்டம் ஒன்றுதான். பாட்டியும் "எனக்கும் எடுத்து வை" என்றார். ஆளுக்கு மூன்று ஆயிற்று.

பெரிய மாமா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின் சற்று நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். சேலையூர் வீட்டின் பேச்சு இன்னும் எழவில்லை. புட்டியில் நான்கு பங்கு என்றவர் வீட்டில் இரண்டு பங்கு என்று எப்படிச் சொல்வார்!

எஞ்சியது சின்ன மாமாவின் மூன்று. அவருக்குத் தெரியாமல் அப்புறப்படுத்திவிடலாம் என்றனர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. மறைத்து வைப்பதும் மறைத்து அழிப்பதும் அவரைக் குழந்தையாக்கும் வேலை. மீண்டு வரும் மனிதருக்கு அது செய்யத்தகாதது. நேரே கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "என் கையால ஊத்தச் சொல்லாதே பாப்பா. மூடியைத் திறந்தா வாசனை வரும். அக்கா ஊத்தட்டும். ஊத்தினப்புறம் நான் வரேன்" என்றார். வீரம் என்றால் புட்டியைத் தூக்கி உடைப்பது என்று திரைப்படங்கள் காட்டும். தம் எல்லையை அறிந்து ஒதுங்கி நின்ற அந்த வார்த்தையை நான் அதனினும் மேலாக மதிக்கிறேன்.

வேறு வழிகளையும் எண்ணிப்பார்க்காமல் இல்லை. பள்ளி ஆய்வகத்துக்கு உதவுமா என்று அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். புட்டியில் உள்ளது 42.8 விழுக்காடு, உயிரிகளைப் பதப்படுத்த 70 வேண்டும் என்று சிரித்தார். கட்டட வேலை செய்வோர்க்குக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். ஏழைக்குத் தானம் செய்ய வேறு பொருளா இல்லை? 2023இல் எங்கள் செங்கற்பட்டு மாவட்டத்திலும் மரக்காணத்திலும், 2024இல் கள்ளக்குறிச்சியிலும் நச்சுச் சாராயம் குடித்து மாண்டவர்கள் அந்தக் கட்டடங்களைக் கட்டும் மக்களே. எங்கள் சரக்கில் மெத்தனால் இல்லை என்பது உண்மை. அதற்காக அந்தக் குடும்பத்துப் பெண்ணின் இரவை நான் விலைக்கு வாங்க முடியாது.

ஒரு ஞாயிறு காலை, கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டு, அம்மாவும் பாட்டியும் ஒன்பது புட்டிகளையும் கவிழ்த்தார்கள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டின் மூடி துருவேறிப் போயிருந்தது; இடுக்கியால் திருக வேண்டியிருந்தது. பாட்டி ஒவ்வொரு புட்டியையும் மும்முறை அலசினார். பிறகு சின்ன மாமா வந்தார். கோணிப்பையில் போட்டுக் கட்டி, பழைய பொருள் கடைக்கு மிதிவண்டியில் எடுத்துப்போனார். புட்டியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்று நீலகிரியில் 2022இல் தொடங்கிய திட்டம் டாஸ்மாக் புட்டிக்குத்தான். பட்டாளத்துப் புட்டி வெறும் கண்ணாடி விலைக்கே போயிற்று. அந்தக் காசுக்குப் பாட்டிக்கு வெற்றிலை வாங்கி வந்தார்.

பெரிய மாமாவின் பங்கு மூன்றும், அந்த ஸ்காட்ச் உட்பட, அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உள்ளன. சட்டப்படி அவருடையவை. இந்த இதழ் வெளிவந்ததும் ஒரு படி அவருக்கு அனுப்பி வைப்பேன்.