ஃபீஸ் இல்லாத படிப்பு

ஜெர்மனியில் ஃபீஸ் கிடையாது என்று சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்கினேன். பொய்யில்லை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் படிப்புக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் விசாவுக்கு, ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோவை ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் முன்னாடியே போட்டுக் காட்டணும். நம்ம காசுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல்.

அடமானம் இல்லாமல் வங்கி கொடுத்தது 7.5 லட்சம். மிச்சத்துக்கு அம்மாவின் வளையல்கள் போயின. “ஃபீஸே இல்லன்னியேடா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கணக்கிலிருந்து மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். கூடத் தங்கியிருப்பவர்கள் அதைச் ‘சம்பளம்’ என்பார்கள். என் கணக்கு வேறு. முதல் எட்டு மாசம் சாப்பிட்டது வங்கிக் கடன். அதுக்கப்புறம் வளையல்.

இது ஒன்பதாவது மாசம். நேத்து அரிசி வாங்கினேன்.