பாலாற்றங்கரைக் கீரைப் பாத்திகள்

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணல்தான். அங்கிருந்து ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று கிழக்கே போகப் போக, ஊருக்கு ஊர் தோல் பதனிடும் ஆலைகள். இடையிடையே தென்னந்தோப்பு, கிணற்றுப் பாசனம், நாலைந்து சென்ட்டில் அரைக்கீரை, சிறுகீரை.

தோல் கழிவுநீரால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கை, 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்னது. தீர்ப்பு வந்தது. மண்ணில் இறங்கிய உப்பும் குரோமியமும் தீர்ப்பைக் கேட்டு வெளியேறிவிடுமா?

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். இது மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பயிருக்குள் ஏறினாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கும். ஆறாம் நிலைக் குரோமியம்தான் பொல்லாதது. நீரில் கரைந்து ஓடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலில் இருந்து நிலத்தடி நீரில் கலந்தது இந்த வகைதான்.

'உலோகம் இருந்தால் சுண்ணாம்பு போடு' என்று பொதுவாகச் சொல்வார்கள். காட்மியம், ஈயம் உள்ள புளிப்பு மண்ணுக்கு அது சரி. இங்கே அதை அப்படியே செய்தால் வம்பு. களர்த்தன்மை கூடக் கூட, ஆறாம் நிலைக் குரோமியம் இன்னும் எளிதாக நடமாடும்.

இந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது மக்கிய தொழுவுரம். அதிலுள்ள அங்ககப் பொருள், ஆறாம் நிலைக் குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு மாற்றி முடக்கிவிடும். அடுத்தது ஜிப்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மண்ணைக் கெட்டியாக்கும் சோடியத்தை விலக்கும். வடிகால் இருந்தால் அந்தச் சோடியம் நீரோடு இறங்கிப் போகும். இன்னொரு பலனும் உண்டு. ஆறாம் நிலைக் குரோமியம், கந்தகச் சத்து போகும் வாசல் வழியாகவே வேருக்குள் நுழைகிறது. ஜிப்சத்தின் கந்தகம் வாசலை அடைத்து நின்றால் அதற்கு இடம் குறையும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இதே போட்டிதான். துத்தநாகம் குறைந்த நிலத்தில் காட்மியம் கீரைக்குள் சுலபமாக ஏறும். உப்பு நீர் அதற்குத் துணைபோகும். குறை இருப்பது உறுதியானால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவலாம். டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போடக் கூடாது.

இவையெல்லாம் உலோகம் ஏறுவதைக் குறைக்குமே தவிர, மண்ணைவிட்டு அகற்றாது. கிணற்று நீரே மஞ்சளாக வந்தால் எந்த உரமும் உதவாது. அங்கே கீரையை விட்டுவிட்டுப் பூச்செடிக்கு மாறுவதே நல்லது. ஆலைச் சேற்றை இலவசமாகக் கிடைக்கிறதென்று உரமாக இறக்குவதும் வேண்டாம்.

வழக்கமான மண் பரிசோதனையில் குரோமியம், காட்மியம் வராது. மண்ணோடு கிணற்று நீரையும் எடுத்துப் போய், அந்த இரண்டையும் தனியாகக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். எங்கே கொடுப்பது என்பதை வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.