கொப்பரைக்குள் உறுமும் அரக்கன்

ஒகாயாமா நகரில் மொமொதாரோவின் கண்ணில் படாமல் நடப்பது சிரமம். ரயில் நிலைய வாசலில் வெண்கலச் சிலையாக நின்றுகொண்டிருந்தான். தலைமேல் ஒரு புறா. அங்கிருந்து புறப்படும் அகலமான சாலைக்கு அவன் பெயர். விமான நிலையத்துக்கும் அவன் பெயர். பாதாளச் சாக்கடை மூடியில்கூட அவன் படம். பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்து, பனிவரகு மாவு உருண்டையைக் கொடுத்து நாயையும் குரங்கையும் ஃபெசன்ட் பறவையையும் சேர்த்துக்கொண்டு, அரக்கர் தீவுக்குப் போய் அவர்களை அடித்து நொறுக்கிச் செல்வத்தை அள்ளி வந்த பையன். ஜப்பானில் இந்தக் கதை தெரியாத குழந்தை இருக்காது. கதைக்கு முன்பே பாட்டுத்தான் தெரியும்.

அந்தப் பாட்டு 1911இல் வந்தது. அரசாங்கக் கல்வி அமைச்சு முதல் வகுப்புக்காகப் போட்ட பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியாது; அந்தப் புத்தகங்களில் பெயர் போடுவதில்லை. இசை ஒகானோ தெய்இச்சி என்பவருடையது என்பார்கள். பக்கத்து மாகாணமான தொத்தோரியில் பிறந்து, இளம் வயதில் ஒகாயாமாவில் ஒரு மிஷனரியிடம் ஆர்கன் கற்று, பின்னாளில் தோக்கியோவில் தேவாலய ஆர்கன் வாசித்தவர். துள்ளலான மெட்டு. ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க வாயில் ஒட்டிக்கொள்ளும்.

நான் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய அம்மாள். காலை உணவு பரிமாறும்போது அவரிடம் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். இடுப்பில் கட்டிய உருண்டையில் ஒன்று கேட்பது, கொடுப்பது, கூடவே புறப்படுவது என்று மூன்று சரணம் கையைத் தட்டிப் பாடினார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

“இன்னும் மூன்று இருக்கிறதே?” என்றேன்.

“இருக்கிறது. பேரனுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுக்க மாட்டேன்” என்று சிரித்தார். “என் அம்மா முழுசாகப் பாடுவாள்.”

மிச்சமுள்ள மூன்றும் போர்ப் பாட்டு. தாக்கு, உடை, தீவைத் தரைமட்டமாக்கு. ஒரு அரக்கனையும் விடாதே, என்ன வேடிக்கை, என்ன வேடிக்கை. கொள்ளைப் பொருளை வண்டியில் ஏற்றி இழுத்து வா, வாழ்க வாழ்க. ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுதிய பாட்டில், கொல்வது வேடிக்கையாக இருக்கிறது என்பதைத் தயக்கமே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். இப்போது குழந்தைப் புத்தகங்கள் பலவும் அந்த வரிகளை விட்டுவிடுகின்றன. அதைத் தணிக்கை என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சரணங்களை நிஜத்தில் நடத்திப் பார்த்த தேசம் அது. 1943இல் வந்த கார்ட்டூன் படத்தில் மொமொதாரோவின் விலங்குப் படை விமானத்தில் போய்ப் பேர்ல் துறைமுகத்தைப் போன்ற அரக்கர் தீவில் குண்டு போடுகிறது. 1945 ஏப்ரலில், தோல்விக்குச் சில மாதம் முன்பு, அதே பையனை வைத்து ஜப்பானின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படத்தைக் கடற்படை எடுக்கவைத்தது. அதில் தெற்குத் தீவுகளின் விலங்குகளுக்கு ஜப்பானிய எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு ஒன்று வருகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆக்கிரமித்த ஊரில் மொழி கற்பிக்கும் பாட்டு என்பது நினைவுக்கு வரும்போதுதான் அந்த இனிமை உறுத்துகிறது.

அரக்கன் பக்கத்துச் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் கிபித்சு கோவிலுக்குப் போகவேண்டும். ஒகாயாமாவிலிருந்து சின்ன டீசல் ரயில். அந்தத் தடத்துக்கும் மொமொதாரோ பெயர்தான். பைன் மரங்கள் நிற்கும் பாதையில் நடந்தால் குன்றின் அடியில் கோவில். 1425இல் கட்டி முடித்த கருவறை மண்டபம், அதிலிருந்து மலைச்சரிவோடு வளைந்து இறங்கும் மிக நீண்ட மரத் தாழ்வாரம். இங்கே குடியிருக்கும் இளவரசர் கிபித்சுஹிகோதான் மொமொதாரோ கதைக்கு மூலம் என்பது ஒகாயாமாக்காரர்களின் கட்சி. வேறு ஊர்களும் அந்த உரிமையைக் கேட்கின்றன. நான் சண்டைக்குப் போகவில்லை.

இளவரசரின் எதிரி பெயர் உரா. கடல் கடந்து கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து வந்தவன், அங்கே இளவரசனாக இருந்தவன் என்கிறது தலபுராணம். மலைமேல் கோட்டை கட்டி ஊரை மிரட்டினானாம். இரும்பு உருக்கும் வித்தையைக் கொண்டு வந்தவனே அவன்தான் என்று சொல்வோரும் உண்டு. இளவரசர் விட்ட அம்பும் உரா எறிந்த பாறையும் நடுவானில் மோதி விழுந்தன. இன்னொரு அம்பு கண்ணில் தைத்ததும் உரா கெண்டை மீனாகி ஆற்றில் பாய்ந்தான். இளவரசர் நீர்க்காகமாகிக் கவ்விப் பிடித்தார். ஓடிய ரத்தத்தின் பெயரில் இன்றும் ஒரு ஆறு இருக்கிறது. தலையை வெட்டியும் அது அலறியது. நாய்க்குப் போட்டுச் சதையெல்லாம் தின்னவைத்தும் மண்டையோடு அலறியது. கோவில் அடுப்பின் கீழே புதைத்தார்கள். பதின்மூன்று வருஷம் ஊருக்குத் தூக்கமில்லை. கடைசியில் உரா கனவில் வந்து சொன்னான்: என் மனைவி இந்தக் கொப்பரையில் பிரசாதம் சமைக்கட்டும், நல்லது வருமென்றால் கொப்பரை நிறைவாக ஒலிக்கும், கெட்டது வருமென்றால் கரகரக்கும்.

அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு, தாழ்வாரத்திலிருந்து பிரியும் இருண்ட அறைக்குள் போனேன். தலைமுறை தலைமுறையாகப் புகை ஏறி உத்தரங்கள் கரியாகியிருந்தன. அடுப்பில் பெரிய இரும்புக் கொப்பரை, அதன்மேல் மரத்தாலான ஆவிக்கூடு. உராவின் மனைவியுடைய ஊர் என்று சொல்லப்படும் அசோவோடு, கொப்பரைமுன் அமரும் பெண்ணின் பணியை இணைத்துச் சொல்கிறார்கள். அந்த ஊர் இரும்பு வார்ப்புக்கும் பேர்போனது. வெள்ளை உடை உடுத்திய பெண்மணி எதிரில் உட்கார்ந்தார். பூசாரி மந்திரம் தொடங்க, அவர் ஆவிக்குள் உமி நீக்கிய பழுப்பரிசியைச் சலித்து அசைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் யாரோ சங்கை அடித்தொண்டையில் ஊதுவதுபோல ஒரு சத்தம் எழுந்து, அறை முழுக்கப் பரவி, உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. மந்திரம் முடியும்போது தணிந்தது. நல்லதா கெட்டதா என்று பூசாரி சொல்வதில்லை. கேட்டவர்தான் தன் மனசுக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1776இல் வந்த ‘உகெத்சு மோனோகதாரி’ பேய்க்கதைத் தொகுப்பில், திருமணத்துக்கு முன் இந்தக் கொப்பரையைக் கேட்கிறார்கள். அது மௌனமாக இருக்கிறது. சகுனத்தைத் தட்டிவிட்டுக் கட்டிவைத்த கல்யாணம் ரத்தத்தில் முடிகிறது. நான் கேட்ட ஒலி நிறைவாகத்தான் இருந்தது என்று வைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: ஜப்பானில் அரக்கர்களைப் பற்றி நான் கேட்ட பாட்டுகளில் இதற்கு இணை இல்லை. வென்றவரின் கோவிலில், தோற்றவன் குரல்தான் குறி சொல்கிறது.

உராவின் கோட்டை என்று காட்டப்படும் கினோஜோ, சோஜா நகரத்துக்கு மேலே ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் ஏறினேன். யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏழாம் நூற்றாண்டு மலைக்கோட்டை, 2.8 கிலோமீட்டர் சுற்றுச்சுவர். 663இல் கொரியக் கரையில் தோற்ற ஜப்பான், எதிரி வந்துவிடுவான் என்ற பயத்தில் எழுப்பிய அரண்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எதிரி வரவேயில்லை. ஆளில்லாத கோட்டைக்குப் பிற்காலத்தில் அரக்கனைக் குடிவைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வெயிலில் வந்ததற்குக் காரணம் அந்த வாரக் கடைசியின் திருவிழா. பெயர் என்னவோ ‘ஒகாயாமா மொமொதாரோ விழா’தான். ஆனால் ஊரே காத்திருப்பது, 1994இல் தொடங்கிய ‘உராஜா’ என்ற ஆட்டத்துக்கு. உராவைப் பாடும் அதிரடிப் பாட்டு, முகத்தில் சிவப்பும் கருப்பும் நீலமுமாக அரக்கக் கோடுகள், அணி அணியாக ஆட்டக்காரர்கள். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், அலுவலகக் கூட்டங்கள் எல்லாரும் அரக்கர்கள். மொமொதாரோ வேஷத்தில் எனக்கு ஒருவரும் தட்டுப்படவில்லை. தெருவோரம் மேசை போட்டு முகம் எழுதிக்கொண்டிருந்த பெண்கள் என்னையும் உட்காரவைத்து, கன்னத்தில் இரண்டு, நெற்றியில் ஒன்று என்று இழுத்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பவர்களும் சேரலாம். சேர்ந்தேன்.

சாயம் லேசில் போகவில்லை. மறுநாள் ஒசாகா போகும் ஷின்கான்செனில் முன் இருக்கைச் சிறுமி திரும்பித் திரும்பி என் காதோரச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் ‘அரக்கன் ஜட்டி’ பாட்டைத் தொடங்கினாள். ஜப்பானியக் குழந்தைகளுக்கு உயிரான பாட்டு: அரக்கன் போடுவது புலித்தோல் ஜட்டி, எத்தனை வருஷமானாலும் கிழியாது, நாமும் போட்டுக்கொள்வோம். மெட்டு, வெசுவியஸ் எரிமலையில் போட்ட இழுவை ரயிலுக்காக இத்தாலிக்காரர் லூயிஜி தென்சா 1880இல் அமைத்தது. அம்மா பதறிப்போய் என் பக்கம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். சிறுமி நிறுத்தவில்லை. இரண்டாம் முறை அவள் ஆரம்பித்தபோது பின்வரிசையில் ஒரு பையனும் சேர்ந்துகொண்டான்.