இரண்டாம் அனுப்புதல்

2017-ஆம் ஆண்டு மறைபரப்பு ஞாயிறன்று, குமரி மாவட்டத்திலுள்ள எங்கள் பங்குக் கோயிலின் பலிபீடத்தின் முன் நானும் என் மனைவியும் எங்கள் இரு குழந்தைகளும் முழந்தாளிட்டிருந்தோம். பங்குத் தந்தை எங்கள் கழுத்தில் மரச்சிலுவையை அணிவித்து, டான்சானியா நாட்டு மறைபரப்புப் பணிக்கு எங்களை அனுப்பி வைத்தார். கோயில் நிறைந்திருந்த உற்றார் உறவினரெல்லாம் கண்கலங்கினர். கலங்காதவர் என் தாய் ஒருவரே. கைம்பெண்ணான அவர், "ஆண்டவர் தந்த பிள்ளையை ஆண்டவர் கேட்கிறார், இதில் அழ என்ன இருக்கிறது?" என்றார். அன்றிரவு அவர் உறங்கவில்லை என்பதை என் தங்கை பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன்.

விக்டோரியா ஏரியின் தென்கரையில், சுக்குமா இன மக்கள் வாழும் ஓர் ஊரில் எங்கள் வாழ்வு தொடங்கியது. நான் மறைத்தளப் பள்ளியில் கணிதம் கற்பித்தேன். மனைவி மருந்தகத்தில் செவிலியாகப் பணியாற்றினாள். மக்காச்சோள மாவைக் கிண்டிய உகாலி என்னும் களியும், நம் நெத்திலிக் கருவாட்டை நினைவூட்டும் டகா என்னும் சிறு மீனும் எங்கள் உணவாயின. குழந்தைகள் எங்களுக்கு முன்பே சுவாகிலி மொழியைக் கற்றுக்கொண்டனர்.

நம் நாட்டு அன்பியங்களைப் போன்ற சிறு சமூகங்கள் அங்கே திருச்சபையின் உயிர்நாடியாக விளங்குகின்றன. 1976-ஆம் ஆண்டிலேயே கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் அவற்றைத் தங்கள் மேய்ப்புப் பணியின் முதன்மைத் திட்டமாக ஏற்றனர். எங்கள் ஊர்க் கூட்டத்தில் வாரந்தோறும் மறைநூலை வாசித்து முடித்ததும் எழும் முதற்கேள்வி, "நம்மிடையே நோயுற்றிருப்பவர் யார்?" என்பதே.

2022-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு விடியற்காலை தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவைப் பக்கவாதம் தாக்கியிருந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. கைக்குழந்தையுடன் இருந்த தங்கையால் தனியே எத்தனை நாள் தாங்க முடியும்?

அன்றிரவு எங்கள் வீட்டில் வாக்குவாதம் மூண்டது. "மாணவர்களுக்கு நவம்பரில் அரசுத் தேர்வு, நான் ஒப்புக்கொண்ட காலமும் முடியவில்லை. கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மனைவி மறுமொழி சொல்லாமல் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைத் திறந்து என் முன் வைத்தாள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொள்ளும் பகுதி அது. வாசித்தேன், ஆனால் என் மனம் இளகவில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில் உண்மை புலனாகிறது. நான் காக்க விரும்பியது ஆண்டவரின் பணியை மட்டுமன்று. 'எல்லாவற்றையும் துறந்தவன்' என்ற என் பெயரையுமே.

வாரக் கூட்டத்தில் வழக்கமான கேள்வி எழுந்தபோது, என் மனைவி அம்மாவின் நிலையைச் சொன்னாள். "போலே, போலே" என்று அனைவரும் முணுமுணுத்தனர். துன்புறுவோரோடு தாமும் வருந்துவதை உணர்த்த அம்மக்கள் சொல்லும் சொல் அது. அப்போது எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் என்னை நோக்கி, "ஆசிரியரே, எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேறொருவர் வருவார். உம் தாய்க்கு மகனாக வேறொருவர் வருவாரோ?" என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை. அவர் தம் முந்தியை அவிழ்த்து, அதிலிருந்த காசைப் பாயின் மீது வைத்தார். மற்றவர்களும் வைத்தனர். பணமில்லாதோர் முட்டையும் நிலக்கடலையும் கொணர்ந்தனர். ஒருவர் ஒரு பை கேழ்வரகு மாவைத் தந்தார். மறு ஞாயிறு திருப்பலியின் முடிவில், கோயிலிலிருந்த அனைவரும் எங்களை நோக்கிக் கை நீட்டிச் செபித்து எங்களை வழியனுப்பினர். கொடுக்கச் சென்றவன் பெற்றுக்கொண்டு திரும்பினேன்.

எனக்குத் தாயகமான ஊர் என் குழந்தைகளுக்கோ அயல்நாடு. இரண்டு வயதில் புறப்பட்டுச் சென்ற மகளுக்கு அப்போது ஏழு வயது. வந்த மூன்றாம் நாளே, "வீட்டுக்கு எப்போது போவோம்?" என்று அழுதாள். பாட்டியைச் சுவாகிலி வழக்கப்படி "பீபி" என்றே அழைத்தாள்.

அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தால் புரையேறியது. மருத்துவரின் அறிவுரைப்படி, என் மனைவி அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியான கூழைச் சிறு கரண்டியால் ஊட்டினாள். உண்டபின் அரைமணி நேரம் படுக்க விடுவதில்லை. முதற்கூழ், ஏரிக்கரையிலிருந்து வந்த அந்த மாவில் காய்ச்சியது. கேழ்வரகின் பிறப்பிடமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள்தாம். பண்டைக் காலத்தில் அங்கிருந்துதான் அது நம் நாட்டுக்கு வந்தது. சுவாகிலியில் அதன் பெயர் 'உலேஸி'. பேணி வளர்த்தல் என்பதும் அதே சொல்லுக்கு மற்றொரு பொருள். என்னைப் பேணி வளர்த்தவருக்கு அந்தக் கூழை ஊட்டியபோதுதான் இருபொருளும் எனக்கு விளங்கின.

படுக்கைப்புண் வராதிருக்க இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தோம். இப்பணியை நான் எப்போதும் இன்முகத்துடன் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஓரிரவு மூன்றாம் முறையாகப் படுக்கை நனைந்தபோது, என்னையறியாமல் கத்திவிட்டேன். அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பின்னர் இடக்கையை மெல்ல உயர்த்தி என் தலையைத் தடவினார். ஆப்பிரிக்காவில் ஐந்தாண்டுகள் பொறுமையைப் பற்றிப் போதித்தவன், அதன் அரிச்சுவடியை அந்தக் கட்டிலருகேதான் படித்தேன்.

என் பெயரைச் சொல்ல அவரால் இயலவில்லை. ஆனால் மாலையில் செபமாலை தொடங்கியதும், 'அருள் நிறைந்த மரியே' முழுவதையும் தடையின்றிச் சொன்னார்! புதிதாகச் சொற்களைக் கோத்துப் பேச இயலாதவர்களும் நெடுநாள் மனப்பாடமாகச் சொல்லி வந்தவற்றைச் சொல்லக்கூடும் என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். ஐந்தாம் பத்து மணியின்போது அம்மாவின் இடக்கை, சுவரில் மாட்டியிருந்த ஏரிக்கரை ஊரின் படத்தைத் தவறாமல் சுட்டிக்காட்டியது. நாங்கள் சென்ற நாள் முதல் அந்தப் பத்து மணிகளை அவ்வூருக்காகவே அவர் ஒப்புக்கொடுத்து வந்தாராம்; தங்கை சொன்னாள்.

அந்நாட்களில் புனித குழந்தை தெரேசம்மாளின் அக்காள் செலினின் வரலாறு எனக்குப் பெரும் ஆறுதல் அளித்தது. கனடாவில் பணியாற்ற ஓர் இயேசு சபைக் குரு அவரை அழைத்திருந்தார். கார்மேல் மடத்தில் சேரும் ஆவலும் அவருக்கு இருந்தது. ஆயினும் நோயுற்ற தந்தை லூயி மார்ட்டினை 1894-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் இறக்கும்வரை பேணிவிட்டு, செப்டம்பரில்தான் செலின் மடத்தில் நுழைந்தார். இன்று நம் இல்லங்களில் காணும் தெரேசம்மாளின் புகைப்படங்களுள் பல, செலின் தம்மோடு மடத்துக்குக் கொண்டு சென்ற கருவியால் எடுத்தவை. மடத்தைவிட்டு வெளியேறாத தெரேசம்மாளைத் திருச்சபை 1927-ஆம் ஆண்டு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. அத்தந்தையும் தம் மனைவியுடன் 2015-ஆம் ஆண்டு மறைபரப்பு ஞாயிறன்றே புனிதராக உயர்த்தப்பட்டார். நோயாளியின் கட்டிலும் மறைபரப்புத் தளமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பதினான்கு மாதங்கள் கழிந்தன. அம்மா கோலூன்றி நடக்கலானார். தங்கையின் குடும்பம் எங்கள் வீட்டுக்கே குடிவந்தது. ஒருநாள் காலை அம்மா சுவரிலிருந்த படத்தையும் பின்னர் என்னையும் சுட்டிக்காட்டி, மிகுந்த முயற்சியுடன், "போ" என்றார். பங்குத் தந்தை அணிவித்த சிலுவையின் மீது தம் இடக்கையை வைத்து ஆசி கூறினார். இம்முறை அவர் அழுதார், நானும் அழுதேன்.

இன்று ஏரிக்கரையில் மாலை ஆறு மணி ஆகும்போது, அம்மாவின் வீட்டில் இரவு எட்டரை மணி. தொலைபேசி வழியே இரு நாட்டிலும் ஒரே செபமாலை எழுகிறது. அதை முதலில் தொடங்குபவள் என் மகள், "பீபி" தொடர்கிறார்.

அன்புள்ள வாசகர்களே, பிள்ளையைத் தொலைதூரப் பணிக்கு அனுப்பிவிட்டு மாலையில் விளக்கேற்றித் தனித்திருக்கும் பெற்றோர் உங்கள் பங்கிலும் இருக்கக்கூடும். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கடல் கடந்து செல்லாமலே நீங்களும் அன்று மறைபரப்புப் பணியில் பங்குபெறுவீர்கள்.