அப்பாவின் ஈய அச்சு

பழவேற்காட்டில் அப்பா வீச்சு வலைக்கு ஈயக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பார். பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த இரும்பு அச்சு. நூல் கோக்க நடுவில் கம்பி வைத்து ஊற்றணும். வார்க்கும்முன் அச்சை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டுவார். கரி படிந்தால்தான் குண்டு ஒட்டாமல் விழும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும். அச்சு சூடேறும்வரை வரும் குண்டெல்லாம் சுருக்கம்தான். திரும்ப உருக்கிவிடுவார்.

எனக்குப் பதினாலு வயசு. ஒரு மழைக்காலத்தில் அச்சு துருப்பிடித்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது, ஆனால் வாய் சேரவில்லை. குண்டுக்குக் குண்டு செதில். அது வலை நூலை அறுத்துவிடும்.

"குழியைத் துடைக்கலாம், வாயைத் தேய்க்கக் கூடாதுடா" என்றார், அவ்வளவுதான். கீல் ஆணியைத் தட்டி இறுக்கினார். பாதிதான் சரியானது. மீதியை, அதற்கப்புறம் வார்த்த ஒவ்வொரு குண்டிலும், கத்தியால் சீவினார். ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

அச்சு இப்போது என்னிடம். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, ஈயப் புகை ஆகாது, வார்ப்பதில்லை. மழைக்கு முன்னால் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன். மூடிப் பார்த்தால் அந்த இடைவெளி இன்னும் தெரிகிறது.